வந்து இறங்கியவர்களின் லவுஞ்ச்

உலகத்தில் இருக்கிற அத்தனை விமான நிலையங்களிலும் லவுஞ்ச் என்பது கிளம்பிப் போகிறவனுக்குத்தான், போகப்போகிறவனை மெத்தை நாற்காலியில் உட்காரவைத்து வயிறு நிறையப் போட்டு அனுப்புவார்கள், வந்து இறங்கியவனை ஏனென்று கேட்க ஒரு நாதி இருக்காது. எங்கள் ஊர் விமான நிலையத்தில் மட்டும் அது தலைகீழ், இங்கே லவுஞ்ச் வந்து இறங்கியவனுக்கு, கிளம்புகிறவர் எவ்வளவு பெரிய வங்கி அட்டையை நீட்டினாலும் கீழே பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து பாட்டில் தண்ணீரைக் குடித்துவிட்டு ஏற வேண்டியதுதான். இதை நான் பெருமைக்காகச் சொல்லவில்லை என்று சொன்னால் அது பொய். பெருமைக்காகத்தான் சொல்கிறேன். பன்னிரண்டு வருஷமாக அந்த லவுஞ்சின் அடுப்படி என்னுடையது. பெயர் குழந்தைவேலு, ஆனால் மாஸ்டர் என்று கூப்பிட்டால்தான் திரும்பிப் பார்ப்பேன்.

அது ஆரம்பித்தது ஒரு பங்குனி மாதத்து வியாழக்கிழமை. காலை பத்து நாற்பதுக்கு வளைகுடாவிலிருந்து விமானம் வந்தது, சக்கரம் தரையைத் தொட்டது, கதவு திறந்தது, ஏணியை வைத்தார்கள், ஆட்கள் இறங்கி வந்தார்கள், வந்தவர்களில் முக்கால்வாசிப் பேருக்குக் கால் தரையில் படவில்லை. விமானம் இறங்கிவிட்டது, அவர்கள் இறங்கவில்லை, அவ்வளவுதான் விஷயம். இரண்டு வருஷ ஒப்பந்தத்துக்குப் போய் வந்த பையன்கள் தரைக்கு மேலே இரண்டு விரற்கடை உயரத்தில் நடந்தார்கள், எட்டு வருஷம் ஒட்டகம் மேய்த்தவர் எட்டு விரற்கடை உயரத்தில் நடந்தார், மூன்று நாள் கூட்டத்துக்குப் போய் வந்த கம்பெனி அதிகாரி மட்டும் டக் டக்கென்று பூட்ஸ் சத்தத்தோடு எல்லாரையும் தாண்டிப் போனார். அங்கே கழிந்த வருஷம் ஒன்றுக்கு ஒரு விரற்கடை என்கிற கணக்கை முதலில் கண்டுபிடித்தவர் பாஸ்போர்ட்டில் முத்திரை குத்துகிற அதிகாரி. பாஸ்போர்ட்டை வாங்க எவ்வளவு கையைத் தூக்க வேண்டியிருக்கிறது என்பதை வைத்தே ஆள் எத்தனை வருஷத்துப் பழசு என்று சொல்லிவிடுவார்.

யாரும் அலறவில்லை. வெளியே காத்திருந்த குடும்பங்கள், போன ஆள் திரும்பி வந்தானே அதுவே போதும் என்று காலைப் பிடித்து இழுத்து வேனில் ஏற்றிக்கொண்டு போனார்கள். ஆனால் வீட்டுக்குப் போன பிறகுதான் கஷ்டம் தெரிந்தது. நிலைப்படியில் நெற்றி இடித்தது, படுத்தால் பாய்க்கும் முதுகுக்கும் நடுவில் பூனை புகுந்து போயிற்று, பெற்ற பிள்ளை தூக்கச் சொல்லிக் கையை நீட்டினால் இவர்கள் குனியக் குனிய உடம்பும் கூடவே மேலே போயிற்று. சிலர் சட்டைப்பையில் கருங்கல் போட்டுப் பார்த்தார்கள், சிலர் வெள்ளிக்கிழமை தர்காவில் ஓதிப் பார்த்தார்கள், சிலர் மாதா கோவிலில் மெழுகுவர்த்தி ஏற்றினார்கள். இது ஒன்றும் புதுசில்லை, அந்தக் காலத்திலும் உண்டு என்று சில வயசானவர்கள் பட்டும் படாமலும் சொல்லிவிட்டு, வேட்டியை இன்னும் கொஞ்சம் கீழே இறக்கிக் கட்டிக்கொண்டு பேச்சை மாற்றினார்கள்.

வழி கண்டுபிடித்தது நான்தான், அதாவது தெரியாமல். ஏழு விரற்கடை உயரக்காரர் ஒருவர், ஏசி காற்று தள்ளத் தள்ள மாடிப்படி வழியாக மிதந்து வந்து எங்கள் லவுஞ்சில் ஒரு நாற்காலிக்கு மேலே நின்றார். நான் அவரைக் கிளம்புகிற பயணி என்று நினைத்து, இரண்டு இட்லி, ஒரு வடை, மேலே சாம்பார் ஊற்றிக் கொண்டுபோய்க் கொடுத்து, சும்மா பேச்சுக்கு, அங்கே என்னண்ணே வேலை என்று கேட்டேன். ஏழு வருஷத்தில் இதை யாரும் தன்னிடம் கேட்டதில்லை என்றார். என்ன கொண்டுவந்தாய் என்று கேட்டிருக்கிறார்கள், எப்போது திரும்பப் போகிறாய் என்று கேட்டிருக்கிறார்கள், என்ன வேலை என்று கேட்டதில்லையாம். பிறகு சொன்னார்: உயரமான கட்டடங்களுக்கு வெளியே கயிற்றில் தொங்கிக் கண்ணாடி மாட்டுகிற வேலை, அறுபத்தோராம் மாடியில் தான் மாட்டிய கண்ணாடியில்தான் அந்த நகரத்துக்கு முதல் வெயில் விழும் என்று. சொல்லச் சொல்ல அவர் கீழே வந்தார். கடைசி வார்த்தையில் நாற்காலி மெத்தை புஸ்ஸென்று அமுங்கியது.

அதற்குப் பிறகு வந்தவர்களெல்லாம் லவுஞ்சுக்குத்தான் வந்தார்கள். மேலாளர் ஸ்ரீவத்சன் சார் நல்ல மனுஷர்தான், ஆனால் தலைமை அலுவலகத்தைக் கேட்காமல் தும்மமாட்டார். அவர் கடிதம் எழுதினார், அவர்கள் உயரப் பட்டியல் கேட்டார்கள், இவர் அனுப்பினார், அவர்கள் பதில் எழுதுவதற்குள் லவுஞ்செல்லாம் ஆட்களாகிவிட்டதால் பலகையைத் தானே மாற்றி எழுதினார்: வந்து இறங்கியவர்களுக்கு மட்டும், இறங்கிய மூன்று மணி நேரத்துக்குள். வருகிறவர்களிடம் கேள்வி கேட்கிற வேலை வரவேற்பு மேசையில் இருக்கிற சுகன்யாவுக்கு. அவள் பதிவேட்டைத் திறந்து பெயர், ஊர், இறங்கிய நேரம் எழுதுவாள், பிறகு பேனாவை மூடி வைத்துவிட்டு, முகத்தைப் பார்த்து, அங்கே என்ன வேலை பார்த்தீர்கள் என்று கேட்பாள். அந்தப் பேனாவை மூடுகிற அழகுக்கே பாதிப் பேர் இறங்கிவிடுவார்கள்.

ஆனால் உண்மையைச் சொன்னால்தான் இறங்க முடியும். எங்கள் பக்கத்து ஆட்களுக்கு ஒரு பழக்கம் உண்டு, விமானத்தை விட்டு வந்ததும் கழிவறைக்குள் போய்ப் பழைய சட்டையைக் கழற்றிப் பையில் திணித்து, மடிப்புக் கலையாத புதுச் சட்டை போட்டு, அரை பாட்டில் சென்ட் அடித்து, கறுப்புக் கண்ணாடி மாட்டிக்கொண்டுதான் வெளியே தலைகாட்டுவார்கள். சட்டை மாற்றுகிற கையோடு வேலையையும் மாற்றிக்கொள்வார்கள். கொத்தனார் என்ஜினியர் ஆவார், ஓட்டுநர் மேலாளர் ஆவார். அப்படிச் சொன்னவர் எவரானாலும் சொன்ன மாத்திரத்தில் ஒரு விரற்கடை மேலே போனார். இரண்டு மூன்று பேர் தலையில் ட்யூப்லைட் இடித்த பிறகு எல்லாருக்கும் இது விளங்கிவிட்டது.

இறங்கியதும் சுகன்யா மைக்கை எடுத்து அறிவிப்பாள். வெளியே வாசல் வரைக்கும் அந்த ஒலிபெருக்கி கேட்கும். பயணிகளின் கவனத்திற்கு, அறந்தாங்கி காதர் மைதீன், பதினாலு வருஷம் ரொட்டி சுட்டவர், வந்து இறங்கியிருக்கிறார் என்று சொன்னால், கம்பிக்கு அந்தப் பக்கம் நிற்கிற பெண்கள் சொந்தமோ இல்லையோ குலவை போடுவார்கள். அறிவிக்காமல் போனவர் கார் ஏறுவதற்குள் மறுபடி மிதந்துவிடுவார், அதையும் பார்த்திருக்கிறோம். ரொட்டி சுட்டவர், சாக்கடை வெட்டியவர், கிழவிக்குக் கஞ்சி ஊட்டியவர், வெயிலில் ரோடு போட்டவர் என்று நாள் முழுக்க அந்த ஒலிபெருக்கி சொல்லிக்கொண்டே இருக்கும்; ராஜாக்களுக்குக் கட்டியம் கூறுவார்களாமே, அதைவிட இது எனக்குப் பெரிதாகத் தெரிந்தது. அடுப்படியில் நின்று கேட்டுக் கேட்டு நான் எத்தனையோ தடவை தோசையைக் கருகவிட்டிருக்கிறேன்.

சுகன்யா இந்த வேலைக்கு வந்ததற்கு ஒரு காரணம் உண்டு. அவள் அப்பா மாரிக்கண்ணு பத்தொன்பது வருஷமாகக் கடல் தாண்டிய ஒரு பெரிய விமான நிலையத்து லவுஞ்சில் சூப்பர்வைசர். கோட் போட்டுக்கொண்டு சோபா பக்கத்தில் நிற்கிற அவருடைய போட்டோ அவள் மேசைக் கண்ணாடிக்கு அடியில் இருந்தது. அப்பா நடத்துகிற மாதிரி நானும் ஒரு லவுஞ்சை நடத்துவேன் என்று சொல்லித்தான் நேர்முகத்தேர்வில் வேலை வாங்கினாளாம். அந்த அப்பா வேலையை முடித்துக்கொண்டு ஒரேயடியாகத் திரும்பி வருகிறார், மறுநாள் காலையில் இவளுக்கு நிச்சயதார்த்தம், ஜமுக்காளத்தில் எதிரெதிரே உட்கார்ந்து இரண்டு அப்பாக்களும் தாம்பூலத் தட்டை மாற்றிக்கொள்ள வேண்டும். மாப்பிள்ளையின் அப்பா வெள்ளைச்சாமி, ஆறு வருஷம் மலேசியாவில் துணிக்கடை வைத்திருந்துவிட்டு இருபத்திரண்டு வருஷத்துக்கு முன்னால் திரும்பியவர், ஊரில் பெரிய தலைக்கட்டு. சம்பந்தியை மரியாதையாக அழைத்துப்போக அவரே மகனையும் உறவுக்காரர்களையும் கூட்டிக்கொண்டு மாலையோடு வாசலில் வந்து நின்றார். தரையைப் பெருக்குகிற மாதிரி வேட்டி கட்டுகிறவர் அவர். நடந்தால் கால் எங்கே இருக்கிறதென்றே தெரியாது.

மாரிக்கண்ணு பத்தொன்பது விரற்கடை உயரத்தில் வந்தார். புதுச் சட்டை, சென்ட், கறுப்புக் கண்ணாடி, எல்லாம் உண்டு. சுகன்யா எழுந்து நின்று, மற்ற எல்லாருக்கும் செய்கிற மாதிரியே பதிவேட்டில் எழுதி, பேனாவை மூடி வைத்துவிட்டு, சிரித்துக்கொண்டே, பதில் தெரிந்த கேள்வி என்கிற தைரியத்தில் கேட்டாள்.

"சூப்பர்வைசர் தாயி" என்றார் அவர். ஒரு விரற்கடை மேலே போனார்.

அவள் சிரிப்பு அப்படியே நின்றது. தான் கேட்டதில்தான் தப்பு என்று நினைத்தாளோ என்னவோ, அங்கே என்னவெல்லாம் கவனித்துக்கொண்டீர்கள் என்று மாற்றிக் கேட்டாள். எல்லாம் என் பொறுப்புதான் என்றார், மேலே போனார். உங்களுக்குக் கீழே எத்தனை பேர் என்று கேட்டாள். இருபத்தைந்து பேர் என்றார், இன்னும் மேலே போனார். லவுஞ்சில் இருந்தவர்கள் எல்லாரும் காலி டம்ளரை ஆற்றிக்கொண்டு தரையைப் பார்த்தார்கள். பொய் வளர்ந்துகொண்டே போயிற்று, பத்து மாடிக் கட்டடம், தனி அறை, கம்பெனிக் கார், கடைசியில் அவர் தலை எங்கள் தாழ்ந்த கூரையில் முட்டி, புதுச் சட்டையின் காலர் ஒலிபெருக்கிப் பெட்டியின் ஆணியில் மாட்டிக்கொண்டது. சுகன்யாவுக்குப் புரிந்துவிட்டது. அவள் போட்டோவைப் பார்த்தாள், அப்பாவைப் பார்த்தாள், அதற்குமேல் கேட்காமல் பதிவேட்டை இழுத்துப் போட்டோவின் மேல் வைத்தாள். அவரும் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றவில்லை. மூன்று மணி நேரத்தில் இரண்டரை மணி நேரம் இப்படியே போயிற்று. வெளியே மாலை வாடிக்கொண்டிருந்தது.

அன்றைக்குப் பார்த்து எங்கள் துப்புரவுக்கார அம்மா விடுப்பு. அதனால் ஸ்ரீவத்சன் சாரே பெரிய மனசு பண்ணிக் கழிவறையைத் துடைக்கப் போயிருந்தார். துடைத்துவிட்டு வெளியே வந்தவர், தான் துடைத்த ஈரத்தில் தானே வழுக்கி, கதவைப் பிடித்துக்கொண்டு பாதி மண்டியிட்டு நின்றார். கதவு திறந்தபடி இருந்ததால் உள்ளே இருந்த கண்ணாடி, கூரையில் தொங்கியவருக்கு நன்றாகத் தெரிந்தது, செய்தித்தாளால் தேய்த்துத் தேய்த்து அதை மேகம் மாதிரி ஆக்கி வைத்திருந்தார் சார்.

மாரிக்கண்ணுவுக்குப் பொறுக்கவில்லை. எதைப் பொறுத்தாலும் அதை மட்டும் அவரால் பொறுக்க முடியவில்லை.

ஐயா அது அப்படியில்லை என்று கூரையிலிருந்து குரல் வந்தது. தண்ணீரைத் தேய்க்கக் கூடாது ஐயா, ஒற்றி எடுக்கணும் என்றார். காலர் ஆணியிலிருந்து விடுபட்டது. உள் மூலையிலிருந்து பின்பக்கமாக நடந்து கதவு வரைக்கும் வரணும், கதவிலிருந்து ஆரம்பித்தால் உங்கள் கால் அழுக்கையே நீங்கள் மிதித்துக்கொண்டு வருவீர்கள் என்றார், ஒரு சாண் கீழே வந்தார். கண்ணாடிக்கு நீலத் துணி, கழிவறைக் கோப்பைக்குச் சிவப்புத் துணி, சிவப்புத் துணி குழாயைத் தொட்டால் அன்றைக்கு எனக்குச் சோறு இறங்காது என்றார், இன்னும் கீழே வந்தார். முடித்த பிறகு முட்டி போட்டுக் கன்னத்தைத் தரையோடு வைத்து வெளிச்சத்துக்கு எதிரே பார்க்கணும், நின்றுகொண்டு பார்த்தால் தரை பொய் சொல்லும், முட்டி போட்டுப் பார்த்தால்தான் உண்மை சொல்லும் என்று அவர் சொல்லிக்கொண்டே போனார், சொல்லச் சொல்ல அவர் குரல் கணீரென்று ஆனது, கை தானாக நீண்டு காற்றில் ஒரு கண்ணாடியைத் துடைத்தது, எந்தப் பெரிய அதிகாரிக்கும் வராத ஒரு மிடுக்கு அந்தக் கையில் வந்தது. சார் வாயைத் திறந்தபடி கேட்டுக்கொண்டிருந்தார். நான் அடுப்பை அணைத்துவிட்டு வந்துவிட்டேன்.

தரைக்கு ஒரு விரற்கடை உயரத்தில் அவர் நின்றுவிட்டார். இன்னும் ஒரு வாக்கியம் பாக்கி இருந்தது. அது எல்லாருக்கும் தெரிந்தது.

சுகன்யா மேசையைச் சுற்றி வந்து அவர் எதிரே நின்றாள். பேனா கையிலேயே இல்லை. "அப்பா, அங்க என்ன வேலை பாத்தீங்க?" என்று கேட்டாள்.

அவர் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றினார். "லவுஞ்சுல கக்கூஸ் கழுவுனேன் தாயி. பத்தொன்பது வருஷம். அந்த சோபால ஒரு நா உக்காந்ததில்ல, அந்தக் கோட்டு இன்னொருத்தனோடது. ஆனா நான் கழுவுன தரையில ஒருத்தர்கூட வழுக்கி விழுந்ததில்ல."

இரண்டு பாதமும் ஒன்றாகத் தரையில் விழுந்தன. அந்தச் சத்தத்தை நான் சாகும்வரை மறக்கமாட்டேன்.

அவள் அவரைக் கையைப் பிடித்துக் கூட்டிப்போய், ஓடுபாதை தெரிகிற ஜன்னலோரத்துப் பெரிய சோபாவில் உட்காரவைத்தாள். அவர் முதலில் நுனியில்தான் உட்கார்ந்தார், அவள் தோளில் கைவைத்து அழுத்திய பிறகுதான் சாய்ந்தார். நான் நெய் ரோஸ்ட் ஊற்றிக் கொண்டுவந்தேன், அன்றைக்குப் போட்ட மாதிரி நான் அதற்கு முன்னும் போட்டதில்லை, பின்னும் போட்டதில்லை. சாப்பிட்டு முடித்த பிறகுதான் மைக் ஞாபகம் எல்லாருக்கும் வந்தது. வெளியே சம்பந்தி வீட்டார் நிற்கிறார்கள். எங்கள் ஊரில் கழிவறை வேலை என்று தெரிந்தால் பெண் கொடுக்கமாட்டார்கள், எடுக்கமாட்டார்கள், சொம்புத் தண்ணீர்கூட வாங்கிக் குடிக்கமாட்டார்கள். அந்தக் கேடு எங்களிடம் இருக்கிறது, மறைத்து என்ன ஆகப்போகிறது. அறிவிக்காவிட்டால் அவர் மிதப்பார், அறிவித்தால் கல்யாணம் நிற்கும். ஸ்ரீவத்சன் சார், ஒலிபெருக்கி பழுது என்று ஒரு அட்டை எழுதி மாட்டட்டுமா என்று மெதுவாகக் கேட்டார். தலைமை அலுவலகத்தைக் கேட்காமல் அவர் சொன்ன இரண்டாவது வார்த்தை அது, அதற்காக அவரை நான் எப்போதும் மதிப்பேன்.

சுகன்யா வேண்டாம் சார் என்றாள். மைக்கை எடுத்தாள்.

"பயணிகளின் கவனத்திற்கு. மணமேல்குடி மாரிக்கண்ணு, பத்தொன்பது வருஷம் லவுஞ்சில் கழிவறை கழுவியவர், வந்து இறங்கியிருக்கிறார். இவர் என் அப்பா."

வெளியே குலவை வரவில்லை. வாடகைக் கார்க்காரர்கள்கூட ஹாரன் அடிக்கவில்லை. அப்பாவும் மகளும் பெட்டியைத் தள்ளிக்கொண்டு கீழே இறங்கினார்கள், நாங்கள் எல்லாரும், தட்டைப் போட்டுவிட்டு வந்த பயணிகள் உட்பட, அவர்களுக்குப் பின்னால் போனோம். சண்டை வந்தால் நான் பார்த்துக்கொள்வதாக இருந்தேன், கரண்டியைக் கையிலேயே எடுத்துப் போயிருந்தேன்.

வெள்ளைச்சாமி மாலையைப் பிடித்தபடி நின்றார். பின்னால் நின்ற உறவுக்காரர்களில் ஒருவர் காறிக்கொண்டு ஏதோ சொல்ல ஆரம்பித்தார், அவர் திரும்பாமலே கையைத் தூக்கி அதை நிறுத்தினார். மாரிக்கண்ணுவின் கால்களைத்தான் அவர் பார்த்துக்கொண்டிருந்தார். சிமெண்டுத் தரையில் அந்த இரண்டு பாதங்களும் பதிந்து நிற்பதை, விரல்கள் விரிந்து ஊன்றியிருப்பதை, பசித்தவன் இலையைப் பார்க்கிற மாதிரி பார்த்தார். பிறகு மாலையைச் சம்பந்தியின் கழுத்தில் போட்டார். போட்டுவிட்டு, சுகன்யாவிடம் தாழ்ந்த குரலில், ஆனால் எல்லாருக்கும் கேட்கிற மாதிரி பேசினார்.

"நான் வந்து இறங்கி இருபத்திரண்டு வருஷமாச்சு ஆத்தா. உங்க பலகையில மூணு மணி நேரம்னு போட்டிருக்கு. எனக்கு உள்ள எடம் உண்டா?"

ஸ்ரீவத்சன் சார் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டார். மாப்பிள்ளைப் பையன் கூடவே வந்தான், காறிய உறவுக்காரரும் வந்தார், எல்லாரும் மாடி ஏறி வந்தார்கள். மாரிக்கண்ணு தன் பெரிய சோபாவைக் கைக்குட்டையால் ஒரு தட்டுத் தட்டி, சம்பந்தியை அங்கே அழைத்தார். சுகன்யா பதிவேட்டைத் திறந்து, பெயர் எழுதினாள், ஊர் எழுதினாள், இறங்கிய நேரம் என்கிற கட்டத்தில் இருபத்திரண்டு வருஷத்துக்கு முந்தைய தை மாதத்துத் தேதியை அவர் சொல்லச் சொல்ல எழுதினாள். பேனாவை மூடி வைத்தாள்.

"மாமா, அங்க என்ன வேலை பாத்தீங்க?"

வெள்ளைச்சாமி உட்காரவில்லை. எங்கள் எல்லாருக்கும் நடுவில், பெற்ற மகன் பார்க்க, தரையைப் பெருக்கிய அந்த வேட்டியை இரண்டு கையாலும் தூக்கி முழங்காலுக்கு மேலே மடித்துக் கட்டினார். ஆறு விரற்கடை உயரத்தில் நின்றன அவருடைய கால்கள். அவர் அதை மறைக்கவில்லை. தொண்டையைச் செருமிக்கொண்டு சொல்ல ஆரம்பித்தார், அடுத்து வரப்போகிற அறிவிப்புக்காக நான் ஒலிபெருக்கியின் சத்தத்தைக் கூட்டி வைத்தேன்.